ஒரு தேதி சொல்லுங்க ஸார்!

குன்னூரில் என்ன விளைகிறது என்று கேட்டால் சின்னப் பையன்கூட 'தேயிலை' என்பான். பாதி சரி. மீதிப் பாதி பச்சை யூனிஃபார்ம்.

சந்தேகமாக இருந்தால் ஊட்டி பஸ்ஸில் ஏறி, பக்கத்திலேயே வெலிங்டனில் இறங்கிப் பாருங்கள். டெய்லர் கடையில் தொங்குவதெல்லாம் மிலிட்டரி உடுப்பு. சலூனில் 'எப்படி வெட்டணும்?' என்ற கேள்வியே கிடையாது. உட்கார்ந்தால் ஒட்ட வெட்டு, அவ்வளவுதான். பால், முட்டை, காய்கறி, வாடகை வீடு, குழந்தைகளுக்கு ட்யூஷன், வீட்டு வேலைக்கு ஆள், டிரான்ஸ்ஃபர் ஆனால் சாமான் ஏற்ற லாரி... எல்லாமே 'பேரக்ஸை' நம்பித்தான். உள்ளூர்க்காரர்களுக்கு வெலிங்டன் எப்பவுமே பேரக்ஸ்தான்.

1850-களில் வெள்ளைக்காரன் தன் சிப்பாய்களுக்கு மலைக்காற்று நல்லது என்று ஜக்கதளாவில் பேரக்ஸ் கட்டினான். வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்த பிரபுவின் பேரைப் பிற்பாடு அதற்கு வைத்தார்கள். 1947-ல் பிரிவினை. அண்ணன் தம்பி பாத்திரம் பண்டம் பிரிப்பது போல ராணுவத்தையும் பிரித்தார்கள். ஸ்டாஃப் காலேஜ் கட்டடம் க்வெட்டாவில் இருந்ததால் அது பாகிஸ்தான் பங்குக்குப் போயிற்று. நம் பங்குக்கு வெலிங்டனில் ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமும் இங்கேதான். ரயிலில் அடுத்த ஸ்டேஷன் அருவங்காடு. அங்கே 1904-லிருந்து கார்டைட் ஃபேக்டரி. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வேண்டிய வெடிமருந்து தயாரிக்கிறது. நம்ம பொம்மை ரயில் ஒரு ஜன்னலில் தேயிலையும் இன்னொரு ஜன்னலில் வெடிமருந்தும் காட்டிக்கொண்டு போகிறது.

மிலிட்டரி கேன்டீனைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு எக்ஸ்-சர்வீஸ்மேனை நண்பராகப் பெற்றவன் குளிருக்குப் பயப்பட மாட்டான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு வதந்தி கிளம்பும். 'மிலிட்டரி காலி பண்ணிட்டுப் போகுதாம்!' 2021 அக்டோபர் 1-ம் தேதி நாட்டிலுள்ள 41 ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக்கினார்கள். கார்டைட் ஃபேக்டரி, மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனிக்குள் போயிற்று. உடனே வதந்தி. 2023-ல் ஹிமாசலப் பிரதேசத்தில் யோல் என்ற கன்டோன்மென்ட்டைக் கலைத்து, மக்கள் குடியிருக்கும் பகுதியை உள்ளாட்சியோடு சேர்க்க ஆரம்பித்தார்கள். குழாய்த் தண்ணீரும் குப்பை வண்டியும் யார் பொறுப்பு என்ற விவகாரம் அது. ராணுவம் எங்கும் போகவில்லை. ஆனால் டீக்கடைக்கு வருவதற்குள் செய்தி 'எல்லாத்தையும் மூடறாங்க' என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் சும்மா இருக்காமல், "சரிங்க, நிஜமாவே போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அதுவரை உக்ரைன் யுத்தத்தையே தீர்த்து வைத்துக்கொண்டிருந்த பெஞ்ச், கப்சிப். டீ மாஸ்டர் மட்டும், "ஏனுங்க, காலங்காத்தால..." என்றார்.

நமக்கு இது கற்பனை. வேறு சில ஊர்களுக்கு நிஜமாகவே நடந்தது. நடந்தபோது யார் பிழைத்தார்கள், யார் முழுகினார்கள் என்று கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

சென்னை பக்கத்துச் சோழவரத்தைத் தெரியும் இல்லையா? இரண்டாவது உலக யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுதளம். யுத்தம் முடிந்து விமானங்கள் போனதும், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார், பைக் ரேஸ் விட்டது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ட்ராக் வரும்வரை சோழவரம்தான் ரேஸ் பிரியர்களின் காசி. ராணுவம் விட்டுப்போன இடத்துக்கு நம்ம பையன்கள் கண்டுபிடித்த உபயோகம்! ஆனால் ஓடுதளத்தை நம்பி ஒரு ஊரே சோறு தின்னவில்லை. ஊரே நம்பியிருந்தால் கதை வேறு.

அப்படி நம்பியிருந்த ஊர் சிங்கப்பூர்.

இன்றைக்கு சிங்கப்பூர் என்றால் நமக்குக் கோடாலி தைலமும் பளபள ஏர்போர்ட்டும் ஞாபகம் வரும். 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அது பயந்துபோன ஒரு சின்னத் தீவு. நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் ராணுவத் தளங்கள் மூலமாக வந்தது. செம்பவாங்கில் கப்பல் தளம். சாங்கி, செலேத்தார், தெங்கா என்று விமானத் தளங்கள். கிளார்க், ஃபிட்டர், டிரைவர், சமையல்காரர், துணி வெளுப்பவர் என்று உள்ளூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். கப்பல் தளத்தில் மலையாளிகளும் தமிழர்களும் ஏராளம்.

1967 ஜூலையில் பிரிட்டன், 'எழுபதுகளின் நடுவில் கிளம்பிவிடுவோம்' என்றது. அந்த நவம்பரிலேயே பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. கையில் காசில்லை. ஆகவே, '1971 மார்ச்சிலேயே போகிறோம்' என்று மாற்றியது. பிரதமர் லீ குவான் யூ 1968 ஜனவரியில் லண்டனுக்குப் பறந்தார். பேரம் பேசி வாங்கி வந்தது கூடுதலாக ஒன்பது மாதம். 1971 முடிவு.

என்னைக் கேட்டால், லீ வாங்கி வந்த முக்கியமான சாமான் அந்த ஒன்பது மாதம் அல்ல. ஒரு தேதி.

தேதி கிடைத்ததும் வேலை ஆரம்பமாயிற்று. தளங்களை மாற்றுவதற்கென்றே தனி இலாகா திறந்தார்கள். வேலை போகப் போகிறவர்களுக்கு, போன பிறகு அல்ல, போவதற்கு முன்னாலேயே வேறு தொழில் பழக்க வகுப்புகள் வைத்தார்கள். பிரிட்டனிடம் ஐந்து கோடி பவுண்ட் உதவி வாங்கினார்கள். நம்ம ஊர் மாமனார் மாதிரி அவர்களும் விவரம்தான். கால் பங்கு மானியம், முக்கால் பங்கு கடன்.

செம்பவாங் கப்பல் பட்டறையை மெஷின்களோடு ஒரே ஒரு டாலருக்குக் கைமாற்றினார்கள். அதை 1968-லேயே கம்பெனி ஆக்கி, ஸ்வான் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். நேற்றுவரை போர்க்கப்பல் ரிப்பேர் செய்த அதே ஃபிட்டர், அதே ஸ்பானரை வைத்துக்கொண்டு சரக்குக் கப்பல் ரிப்பேர் செய்தார். ஸ்பானருக்கு என்ன தெரியும், எது போர்க்கப்பல் என்று!

சாங்கி விமானத் தளம் இருந்த இடத்தில் 1981-ல் ஏர்போர்ட் திறந்தார்கள். செலேத்தாரில் விமான ரிப்பேர்த் தொழில் வந்தது. டாங்லின் பேரக்ஸில் பிற்பாடு ஓட்டல்கள். சோல்ஜர்கள் பரேடு போன இடத்தில் இப்போது ஜோடி ஜோடியாகப் போய் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள்.

எல்லோருக்கும் சுபம் என்று நான் கதை விடப்போவதில்லை. குடியுரிமை இல்லாத தொழிலாளிகள் பலர் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பதினெட்டு வயசில் போய் ஐம்பதில் திரும்பினால் சொந்த ஊரிலேயே விருந்தாளிதான். அந்த வலி கணக்குப் புத்தகத்தில் வராது.

அவர்களுடைய அடையாளம் ஒன்று அங்கே இருக்கிறது. கப்பல் தளத் தொழிலாளி ஒருவர் ஒரு மரத்தடியில் முருகனை வைத்துக் கும்பிட ஆரம்பித்ததுதான் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோவில். தளம் போயிற்று, இடமும் மாறிற்று. பக்கத்து யீஷூனில் இன்றைக்கும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி போகிறது. வெள்ளைக்காரன் காலி பண்ணினாலும் முருகன் காலி பண்ணவில்லை.

சிங்கப்பூர் ஒரு நாடு, லீ ஒரு ஆள், நமக்கெல்லாம் அது நடக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். நம்மைப் போலவே கஷ்டப்பட்ட பிலிப்பைன்ஸுக்குப் போவோம்.

அங்கே அமெரிக்காவுக்கு இரண்டு பெரிய தளங்கள். கிளார்க் விமானத் தளம், சூபிக் பே கப்பல் தளம். 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்து இரண்டின் மேலும் சாம்பலைக் கொட்டியது. கிளார்க்கை அமெரிக்கர்கள் அதோடு கைவிட்டார்கள். செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட், 12-க்கு 11 ஓட்டில் புது ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பர் 24-ம் தேதி சூபிக்கிலிருந்தும் கடைசி அமெரிக்கக் கப்பல் கிளம்பிற்று.

கிளார்க்கில் என்ன நடந்தது? கதவு, ஜன்னல், ஒயர், கக்கூஸ் பீங்கான் வரை உருவிக்கொண்டு போனார்கள். எரிமலை விட்டதை மனுஷன் விடவில்லை.

சூபிக்கை ஒட்டின ஊர் ஒலோங்காப்போ. அதன் மேயர் ரிச்சர்ட் கோர்டன் ஊர் ஜனங்களைக் கூப்பிட்டார். சுமார் எட்டாயிரம் பேர், சம்பளம் இல்லாமல், முறை வைத்துக் காவல் காத்தார்கள். வேலை போனவர்களே வேலை செய்த இடத்துக்குக் காவல்! 'இதிலே ஒரு பல்பு போனாலும் நாளைக்கு இங்கே வரப்போற கம்பெனி ஒண்ணு போச்சு' என்பதுதான் கணக்கு. கம்பெனிகள் வந்தன. ஃபெட்எக்ஸ் கூரியர் கம்பெனி 1995-ல் தன் ஆசிய விமான மையத்தையே அங்கே வைத்தது.

இங்கேயும் ஒரு 'ஆனால்' உண்டு. அந்த ஃபெட்எக்ஸ் 2009-ல் சீனாவுக்கு ஜாகை மாறிற்று. அப்புறம் வந்த கொரியாக்காரர்களின் பிரம்மாண்டமான ஹன்ஜின் கப்பல் கட்டும் தளம் 2019-ல் திவால். ஒரு யானை போனதற்குப் பதிலாக இன்னொரு யானையைக் கட்டினால், அதுவும் ஒருநாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகும். பத்து ஆட்டுக்குட்டி வளர்ப்பது மேல். பத்தும் ஒரே ராத்திரியில் ஓடாது.

அமெரிக்காவில் இதற்காகவே ராணுவ இலாகாவுக்குள் ஒரு ஆபீஸ் 1961-லிருந்து நடக்கிறது. தளத்தை மூடப்போகிறார்கள் என்றால் அந்த ஊருக்குப் பணமும் ஆளும் அனுப்பி, 'அடுத்து என்ன' என்று திட்டம் போடச் சொல்வது அதன் வேலை. மூடுபவனே அடுத்த அடிக்குக் கை கொடுக்கிறான்.

இனி வெளிநாடு போதும். நம்ம மலைக்கே திரும்புவோம். இங்கே ராணுவத் தளம் மூடவில்லையே தவிர, ஊருக்குச் சோறு போட்ட ஒரு யானை நம் கண்ணெதிரே படுத்தது.

ஊட்டி இந்து நகர், ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். எல்லோருக்கும் 'ஃபிலிம் ஃபேக்டரி'. 1960-ல் ஆரம்பித்த மத்திய அரசுக் கம்பெனி, 1967-ல் உற்பத்தி. உங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் கறுப்பு வெள்ளையில் இருந்தால், அது 'இந்து' ஃபிலிமாக இருக்க நல்ல சான்ஸ் உண்டு. தாத்தாவின் நெஞ்சு எக்ஸ்ரேயும் அப்படியே. நீலகிரியில் அங்கே வேலை கிடைத்த மாப்பிள்ளைக்கு ஜாதகமே பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் ஊர் கலருக்கு மாறிற்று. 1991-க்குப் பின் வெளிநாட்டுச் சரக்கு சல்லிசாக வந்தது. புது எக்ஸ்ரே பிளான்ட்டுக்கு வாங்கின கடன் கழுத்தை நெரித்தது. கடைசியில் டிஜிட்டல் வந்து ஃபிலிம் என்ற சாமானையே ஒழித்தது. இதில் தொழிலாளி செய்த குற்றம் எதுவும் இல்லை. கொடாக்கே தாக்குப்பிடிக்கவில்லை.

என் வருத்தம் மூடியதைப் பற்றி அல்ல. மூடிய விதத்தைப் பற்றி. 1996-ல் பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியம் இதை 'நலிந்த கம்பெனி' என்று அறிவித்தது. 2003-ல் அதே வாரியம் 'மூடிவிடலாம்' என்றது. கோர்ட், கமிட்டி, புனரமைப்புத் திட்டம் என்று வண்டி ஓடி, மிச்சமிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வுக்கு மத்திய அமைச்சரவை பணம் ஒதுக்கியது 2014-ல். பதினெட்டு வருஷம் ஸார்! 1996-ல் பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயசுக்கு வந்துவிட்டது.

சிங்கப்பூர் தன் தளங்கள் அத்தனையையும் மாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்டது நாலே வருஷம்.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் ஒரு மனுஷன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இருந்தார். மில் பேர் வேண்டாம், எத்தனையோ மில்லில் நடந்த கதைதான். ஒரு காலையில் கேட்டில் பூட்டு. 'அடுத்த மாசம் திறந்துடுவாங்க' என்றார்கள். சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு. வேறு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். "மில்லு தொறந்தா சர்வீஸ் போயிடும்டா" என்று போகவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கேட் மீட்டிங்குக்குப் போவார். பொங்கல் கழித்துத் திறக்கும், எலெக்ஷன் முடிந்து திறக்கும், ஆடி போனால் திறக்கும். சித்தி டைலரிங் கற்றுக்கொண்டு குடும்பத்தை இழுத்தார். பதினோரு வருஷம் கழித்து ஒரு தொகை கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். நாற்பத்தொன்பது வயசில் யார் வேலை கொடுப்பார்கள்?

ஒருநாள் சொன்னார்: "பணம்கூட அப்புறம்டா. 'இன்ன தேதிக்கு மேல மில்லு கிடையாது'ன்னு மொத நாளே ஒருத்தன் சொல்லியிருந்தா, ஒரு வாரம் அழுதுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன்."

கெட்ட செய்தியை மறைப்பதைப் பெரிய மனசு என்று நாம் நினைக்கிறோம். 'பாவம், இப்பவே சொல்ல வேண்டாம்.' சொல்லாத ஒவ்வொரு வருஷமும் அந்த ஆளின் வயசில்தான் கழிகிறது. முப்பத்தெட்டில் கைமாறுகிற தொழில் நாற்பத்தொன்பதில் மாறாது. பொய் நம்பிக்கை கொடுப்பதற்கு அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. வாங்கிக்கொள்கிறவனுக்குத்தான் அது ரொம்பக் காஸ்ட்லி.

ஆகவே ஒரு தளமோ ஃபேக்டரியோ மூடும்போது ஊர் கேட்க வேண்டியது மூன்று. முதலில் தேதி. கசப்பாக இருந்தாலும் தேதி. அடுத்தது சாவி. கட்டடம், மெஷின், தண்ணீர், கரன்ட் எல்லாம் துருப்பிடிப்பதற்கு முன்னால் உபயோகிப்பவன் கைக்கு வர வேண்டும், ஒரு டாலருக்கோ ஒரு ரூபாய்க்கோ. மூன்றாவது, வேலை இருக்கும்போதே வேறு வேலை பழக வகுப்பு. பசியோடு உட்கார்ந்தவனுக்குப் பாடம் ஏறாது.

குன்னூருக்கு இப்போது ஆபத்து எதுவும் இல்லை. ஸ்டாஃப் காலேஜுக்கு வருஷா வருஷம் புது ஆபீஸர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், போகிறார்கள். டெய்லரின் தையல் மெஷின் ஓடுகிறது. ஆனால் ஆபத்து இல்லாத காலம்தான் கணக்குப் பார்க்க வசதியான காலம். நம்ம வியாபாரத்தில் எத்தனை ரூபாய் பேரக்ஸிலிருந்து வருகிறது? இரண்டாவது வாடிக்கை யார்? மிலிட்டரி உடுப்பு தைக்கிற கைக்கு இந்த மலையிலுள்ள அத்தனை போர்டிங் ஸ்கூல் யூனிஃபார்மும் தைக்க வரும். மெஸ்ஸுக்குக் கேரட் கொடுப்பவர் கோயம்புத்தூர் ஓட்டலுக்கும் கொடுக்கலாம். பாதி பாதி என்று வைத்துக்கொண்டால் வதந்தி வரும்போது டீ தொண்டையில் நிற்காது.

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கம்பெனியும் ஒரு பேரக்ஸ்தான். உங்கள் ஸ்பானர் எது, அது இன்னொரு கப்பலுக்குப் பொருந்துமா என்று சம்பளம் வருகிறபோதே பார்த்து வையுங்கள். மேனேஜர் ரூமில் 'எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு' என்று யாராவது முதுகில் தட்டினால், மரியாதையாகச் சிரித்துக்கொண்டே தேதி கேளுங்கள்.

டாக்டர் சொன்ன தேதியில் எந்தக் குழந்தையும் சரியாகப் பிறப்பதில்லை. இரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். ஆனால் தேதி சொன்னதால்தானே வீட்டில் தொட்டில் தயாராக இருக்கிறது!